பாவாயக்கா வாங்கிக்கிட்ட புடிப்பு

எங்க பட்டறை வரிசையில இரும்பைக் கைக்குக் கை குடுக்க மாட்டாங்க. ஸ்பேனர் வேணும்னு கேட்டா, வெச்சிருக்கறவன் தரையில வெப்பான், கேட்டவன் குனிஞ்சு எடுத்துக்குவான். கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்னு ஒரு பேச்சு. குடுக்காமயே பொழுதுக்கும் சண்டை வந்துட்டுத்தான் இருந்துச்சு, அது வேற. ஆனாலும் வழக்கத்தை யாரும் விடல. விட்டா இன்னும் என்னென்ன வருமோன்னு ஒரு பயம், அந்தப் பயம் எவ்வளவு நியாயமானதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

சங்ககிரியில இருந்து திருச்செங்கோடு போற ரோட்டுல, பாலம் எறங்கினா ரெண்டு பக்கமும் லாரிப் பட்டறைதான். புது வண்டி எதுவும் எங்க பக்கம் தலை வெச்சுப் படுக்காது. அஸ்ஸாமுக்கும் குஜராத்துக்கும் ஓடி ஓடி, சேத்தையும் உப்புக்காத்தையும் குடிச்சு, இனிமே என்னால ஆகாதுன்னு மூச்சு வாங்கற வண்டிங்கதான் வந்து நிக்கும். அதுல ஒரு நட்டைக் கழட்டறதுக்குள்ள கழட்டறவன் உசுரு கழண்டுரும். நட்டும் போல்ட்டும் பேச்சுவார்த்தை நின்னுபோன புருசன் பொண்டாட்டி மாதிரி, சுத்தவும் சுத்தாது, பிரியவும் பிரியாது, துருவேறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே கெடக்கும்.

அப்படி ஒரு வண்டியில, ஆடிக்காத்து அடிச்சிட்டிருந்த ஒரு மத்தியானம், பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையைத் தாங்கற பின்னு ஒண்ணை உருவறதுக்கு ஃபிட்டர் செங்கோடன் கெடந்து மல்லுக்கட்டிட்டு இருந்தான். டீசலை ஊத்தி ஊற வெச்சான், ஊறல. கேஸ் வெச்சுச் சூடு காட்டினான், எளகல. சுத்தியல்ல தட்டினான், தட்டினதுக்கு வரலைன்னு வைஞ்சான், வைஞ்சதுக்கு வரலைன்னு கொஞ்சினான், கொஞ்சினதுக்கும் வரலைன்னதும் ஸ்பேனர் வாலுல ஒரு ஆள் ஒசர பைப்பைச் சொருகி, காலை வண்டியோட சேஸ் சட்டத்துல ஒதைச்சுக்கிட்டு, கண்ணை மூடி இழுத்தான். பாவாடையில இருந்து நாடாவை உருவற மாதிரி பின்னு வழவழன்னு வந்துருச்சு. செங்கோடனோட வலது கை நீட்டினது நீட்டினபடி நின்னுருச்சு.

சுளுக்குன்னுதான் நெனச்சோம். நல்லெண்ணெய் போட்டு உருவினோம், வெந்நி ஊத்தினோம். பக்கத்துப் பட்டறை பெயிண்டர் அல்லாபிச்சை பாய் வந்து முழங்கையை வெரலால தட்டிப் பாத்தாரு, டிங்குன்னு சத்தம் வந்துச்சு. சட்டைக்கையை ஒதறினா செங்கப்பொடி மாதிரி துரு கொட்டுச்சு. கட்டு போடற வைத்தியர்கிட்டக் கூட்டிட்டுப் போனா, அவரு கையைத் தடவிப் பாத்துப்போட்டு, மூக்குக்கிட்டக் கொண்டுபோய் மோந்தும் பாத்துப்போட்டு, "இது என்ற வேலை இல்லீங், உங்க வேலை. பட்டறைக்கே கூட்டிட்டுப் போங்க"ன்னுட்டாரு. சரிங்னு கூட்டிட்டு வந்துட்டோம்.

நீட்டின கையோட செங்கோடன் கொஞ்ச நாள் சுத்தினான். எதுக்க வந்தவனெல்லாம் ஏதோ காட்டறான்னு திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் ஒரு நாள் பாய் பெயிண்டு டப்பா மூடியைத் தொறக்க ஸ்பேனர் கேட்டாரு. செங்கோடன் கையில ஸ்பேனர் இருக்கு, ஆனா கை மடங்கல, தரையில வெக்க முடியல. அவசரத்துல பாயும் வழக்கத்தை மறந்து அவன் கையில இருந்தே வாங்கிட்டாரு. செங்கோடன் கை பொத்துனு கீழ தொங்குச்சு. பாயோட கை டிராபிக் போலீஸ் மாதிரி வெறைச்சு நின்னுருச்சு. அதைக் கொஞ்ச நேரம் பாத்த பாய், "டப்பா தொறக்கத்தானப்பா கேட்டேன்"ன்னாரு.

பொழுதோட வரிசை பூராவும் கை மாத்திக் கை மாத்திப் பாத்தாச்சு. அப்பத்தான் வெவரம் புரிஞ்சுது. துருவேறி இறுகின புடிப்பு இரும்பை விட்டுப் போறதுதான், ஆனா ஒரேயடியாப் போறதில்ல. கழட்டினவன் ஒடம்புக்கு வந்துரும். இரும்பைக் கைக்குக் கை குடுத்தா வாங்கினவனுக்குப் போயிரும். குடுக்கறவன் மனசு வெச்சுக் குடுக்கணும், புடுங்கினா வராது. எத்தனை பேர் கை மாறினாலும் கரையாது, தேயாது. இது ஏன்னு யாரும் யோசிக்கல. யோசிக்க ஏது நேரம், அடுத்த வண்டி வாசல்ல நிக்குதே.

வண்டி யாருதோ புடிப்பும் அவனுதுதான்னு பட்டறைச் சங்கத் தலைவரு ஆறுச்சாமி மொதல்ல ஒரு முடிவு சொன்னாரு. வண்டிக்காரங்ககிட்டச் சொன்னோம். ஒருத்தர், "அட, கழட்டறது உங்க தொழிலு, வலியும் அதுலயே சேத்திதானுங்களே"ன்னாரு. இன்னொருத்தர் ஸ்பேனரைக் கண்டதும் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, கோயிலுக்கு வந்தவராட்டம் வண்டியைச் சுத்தி வந்து, "அப்படியே இருக்கட்டும் விடுங்க, நல்லாத்தான் இருக்குது"ன்னுட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் புடிப்பெல்லாம் எங்களுக்குள்ளயேதான்.

மனுசன் எதுக்குத்தான் பழகல. முழங்காப் புடிப்பை வாட்ச்மேன் வாங்கிக்கிட்டான், அவன் நிக்கறதுதான் வேலை. கழுத்துப் புடிப்பு வெல்டருக்குப் போச்சு, பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்ப முடியாததுல அவன் சம்சாரத்துக்கு வலுத்த சந்தோசம். மாரியம்மன் நோம்பிக்கு சாமிக்குக் கொடை புடிக்கறதுக்கு ஆளே தேட வேண்டியதில்ல, கை வெறைச்சவன் யாரோ அவன் கையில கொடையைச் சொருகினாப் போதும், ஊர்வலம் முடியற வரைக்கும் ஒரு ஆட்டம் ஆடாது. கண்ணாலம் வந்தா மாப்பிள்ளையோட இடுப்புப் புடிப்பைப் பங்காளி வாங்கிக்குவான், மறுவீடு முடிஞ்சதும் திருப்பிக் குடுப்பான். பொண்ணு பாக்க வர்றவங்க மாப்பிள்ளை என்ன வேலைன்னு கேட்டதுக்கப்புறம், இப்ப எது புடிச்சிருக்குதுங்கன்னும் கேக்க ஆரம்பிச்சாங்க.

ஆனா களைப்பு ஏறிக்கிட்டேதான் போச்சு. கழட்டக் கழட்டப் புடிப்பு சேரும், போறதுக்கு எடமில்ல. வெடியால எந்திரிச்சா வரிசை பூராவும் கறகறன்னு சத்தம், ஒவ்வொருத்தனும் அவனவன் ஒடம்பைத் தொறக்கற சத்தம். கக்கத்துல டீசல் போட்டுட்டுத்தான் சட்டையே போடுவோம். சிரிக்கறவன்கூடப் பாதிச் சிரிப்போட நிறுத்திக்குவான், தாடைப் புடிப்பு அன்னைக்கு அவன்கிட்ட இருந்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவுல ஒரு புடிப்பும் இல்லாத ஒரே ஆளு பாவாயக்கா.

வரிசைக்கே சோறு போடறது அவங்க மெஸ்ஸுதான். போர்டுல புருசன் பேரு, அத்தியப்பன் மெஸ்ஸுன்னு. அத்தியப்பண்ணன் கல்லாவுல உக்காந்திருப்பாரு, அக்கா நின்னுட்டிருக்கும். கோழி கூப்படறதுக்கு முன்னால அடுப்புக்கிட்ட நிக்கும், இட்லிக்கு நிக்கும், டீக்கு நிக்கும், சோத்துக்கு நிக்கும், ராத்திரி டிபனுக்கு நிக்கும், கடைசிச் சட்டியைக் கழுவிக் கவுத்தற வரைக்கும் நிக்கும். மெஸ்ஸுல பெஞ்சு இருக்கு, ஸ்டூல் இருக்கு, கல்லாவுக்குச் சுத்தற சேர் இருக்கு. அக்கா உக்காந்து ஒருத்தரும் பாத்ததில்ல. கிரைண்டர்ல சாஞ்சு நின்னுட்டே சாப்புடும். அதுலயும் பாதி வாயில இருக்கும்போது "பாவாயி, இங்க ரெண்டு ஆம்லெட்டு"ன்னு அண்ணன் கொரல் வரும், வாயைத் தொடைச்சுட்டுப் போயிரும்.

புடிப்பு கை மாற ஆரம்பிச்ச புதுசுல ஒரு நாள், கொழம்பு ஊத்திட்டே அக்கா கேட்டுச்சு: "எனக்கும் ஒரு முழங்காலைக் குடுங்களேன் சாமி. ஒரு நாளைக்கு."

நாங்க சிரிச்சோம். உனக்குக் குடுத்துப்போட்டு நாங்க பட்டினி கெடக்கறதாக்கான்னோம். அக்காவும் சிரிச்சுட்டு அடுத்த எலைக்குப் போயிருச்சு. அன்னைக்கே ஆறுச்சாமி ஒரு கட்டுப்பாடு போட்டாரு, அக்காவுக்கு யாரும் இரும்பைக் கையில குடுக்கக் கூடாது, கரண்டியா இருந்தாலும் மேசையில வெச்சுத்தான் எடுக்கச் சொல்லணும்னு. அக்கா மேல எங்களுக்கெல்லாம் அவ்வளவு அக்கறை.

பங்குனி வெயில்ல எங்க தண்ணி லாரி நின்னுபோச்சு. வரிசைக்குக் குழாய் கெடையாது. கரட்டுக் குன்னுக்கு அந்தப் பக்கம் இருக்கற கெணத்துல இருந்து தண்ணி கொண்டாரது அந்தக் கெழட்டு லாரிதான், வரிசைக்கே பொதுவான வண்டி. கூலிங் தண்ணி கசிஞ்சு உள்ள எறங்கி, எஞ்சின் மொத்தமாப் புடிச்சுக்கிச்சு. முன்னால மண்டி போட்டு ஸ்பேனரை மாட்டினா, மலையைத் திருகற மாதிரி இருந்துச்சு.

தண்ணியில்லாம சோறு ஏது. யாராச்சும் கெணத்துக்குப் போகணும். ஒருத்தனுக்கு முட்டி மடங்கல, ஒருத்தனுக்கு முதுகு வளையல, ஒருத்தனுக்குத் தோள் எறங்கல. முழுசா நடமாட்டம் இருக்கற ஒடம்பு வரிசையிலயே ஒண்ணே ஒண்ணுதான். இட்லிக்கும் டீக்கும் நடுவுல, சோத்துக்கும் டிபனுக்கும் நடுவுல, பாவாயக்கா இடுப்புல ஒரு கொடமும் தலையில ஒரு கொடமுமா கரட்டைச் சுத்திப் போய் வந்துச்சு. போகும்போது ஒரு நடை இருந்துச்சு, நாளாக நாளாக வர்றப்ப அந்த நடையில பாதிதான் திரும்பி வந்துச்சு. ஒரு நாள் வாசல்ல கொடத்தோட அப்படியே நின்னுருச்சு. என்னக்கான்னா, "ஒண்ணுமில்ல கண்ணு, எங்க போறேன்னு மறந்துபோச்சு"ன்னுச்சு.

ஆறுச்சாமி கூட்டம் போட்டாரு. லாரியை ஓட்டியே ஆகணும். செங்கோடன் எஞ்சினுக்குள்ள எண்ணெய் பீச்சற நாஸிலையெல்லாம் கழட்டி, ஓட்டைக்குள்ள டீசலும் மண்ணெண்ணெயும் ஊத்தி நல்லா ஊற வெச்சிருந்தான். பைப்பு போட்டு இழுத்தா வந்துரும், அதுல அவனுக்குச் சந்தேகமில்ல. ஆனா முழு எஞ்சினோட புடிப்பு, வெரல் வெரலாப் பிரிச்சுக் குடுக்க முடியாது, வந்தா ஒட்டு மொத்தமா ஒரே ஒடம்புக்குத்தான் வரும். நான் இழுக்கறேன், வாங்கிக்கறது யாருன்னு கேட்டான்.

அப்பப் பாக்கணும் எங்க ஆளுங்களை. பாய் தொண்டையைச் செருமிட்டு, எடுத்துக்குவேன், ஆனா நோம்பு வருதேப்பான்னாரு. வெல்டரு, பொண்ணுக்கு சீருன்னான், அவன் பொண்ணு இன்னும் பள்ளிக்கொடமே போகல. ஆறுச்சாமி கண்ணை மூடி ரொம்ப நேரம் ஆழ்ந்து யோசிச்சு, தலைவரா இருக்கறவன் நடமாடிட்டு இருக்கணும், அதுல என்ற சொந்த விருப்பம்னு எதுவுமில்லைன்னாரு. அத்தியப்பண்ணன் நெஞ்சைத் தடவிக்கிட்டு, எனக்கு சக்கரைன்னாரு. மெஸ்ஸு ஜிலேபியில பாதி யாரு வயித்துக்குப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

அந்நேரத்துக்குத்தான் பாவாயக்கா கொடத்தோட வந்துச்சு. கொடத்தை எறக்கி வெச்சுச்சு, முந்தானையில மொகத்தைத் தொடைச்சுச்சு, செங்கோடனைப் பாத்துச்சு.

"அதை வாங்கிக்கிட்டா என்ன சாமி ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. கண்ணு ஓடும், வாய் ஓடும். மத்தபடி ஒரு வெரலைக்கூட அசைக்க முடியாது. உக்காந்தா எந்திரிக்க முடியாது."

"எந்திரிக்க முடியாதா?"

"முடியாதுக்கா."

"யாரு கூப்புட்டாலும்?"

செங்கோடன் அத்தியப்பண்ணனைப் பாத்தான், எங்களைப் பாத்தான், ஸ்பேனரைப் பாத்தான். "யாரு கூப்புட்டாலும்"ன்னான்.

"அப்ப ஒரு சேரைக் கொண்டா."

அத்தியப்பண்ணன் என்னமோ சொல்ல வந்தாரு, எங்களுக்கும் வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா அந்தச் சேரைக் கேட்ட கொரலுக்கு எதுக்கப் பேச ஆளில்ல. ஒடைச்சுப் போட்டிருந்த லாரியில இருந்து டிரைவர் சீட்டு ஒண்ணை எடுத்துட்டு வந்தோம். ஸ்பிரிங் வெச்ச, தலை சாய்க்க மேடு வெச்ச சீட்டு. வேப்பமரத்து நெழல்ல போட்டோம். அக்கா கால் கழுவிட்டு வந்துச்சு, சீலையை ஒழுங்கு பண்ணுச்சு, சீட்டை ஒருக்கா தொட்டுப் பாத்துட்டு மெல்ல உக்காந்துச்சு. அக்கா மடியோட அகலம் இவ்வளவுன்னு அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

தண்ணி லாரியைத் தள்ளிப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்தினோம். செங்கோடன் ஸ்பேனரை மாட்டி, காலை ஒதைச்சு, கண்ணை மூடி இழுத்தான். எஞ்சின் உள்ள ஏதோ ஒண்ணு பெருமூச்சு விட்டுச்சு, கிராங்குத் தண்டு திரும்புச்சு. நட்டுல இருந்து ஸ்பேனரை உருவி அக்கா பக்கம் நீட்டறதுக்குத்தான் அவனுக்கு நேரம் இருந்துச்சு, நீட்டினபடியே கல்லாட்டம் நின்னுட்டான். அவன் கண்ணு மட்டும் அக்காவைப் பாத்து உருளுச்சு. அந்தக் கண்ணுல குடுக்கற மனசு கொஞ்சங்கூட இல்ல. அக்கா சொல்லுச்சு, "குடு கண்ணு. நான் நல்லா யோசிச்சுட்டேன்." கொஞ்சம் கழிச்சு அவன் கண்ணை மூடினான். அக்கா ஸ்பேனரை வாங்கிக்குச்சு.

கால்ல இருந்து ஏறினது தெரிஞ்சுது. கொலுசு ஆடறது நின்னுச்சு, சீலை மடிப்பு அசையறது நின்னுச்சு, வளையல் சத்தம் நின்னுச்சு. கழுத்து வரைக்கும் வந்ததும் அக்கா ஒரு மூச்சு விட்டுச்சு. அது சின்ன மூச்சில்ல. வேப்பம்பூ ஒரு பாட்டம் கொட்டுச்சு, பட்டறைச் செவுத்துல தொங்கின காலண்டரு படபடன்னு கார்த்திகை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துச்சு. அப்புறம் ஒரே அமைதி. அந்த அமைதியில, நாஸிலைத் திருப்பி மாட்டினதும், தண்ணி லாரி ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆச்சு.

நாளைக்கே மாத்தி வாங்கிக்கலாம்னுதான் நெனச்சோம், ஆளுக்கு ஒரு பொழுது. மறுநாள் செங்கோடன் போய்க் கையை நீட்டினான், அக்கா குடுக்கல. ஆறுச்சாமி போனாரு, குடுக்கல. அத்தியப்பண்ணன் கல்லாவைப் பூட்டிட்டு வந்து, போதும் குடு பாவாயி, சோத்துக்கு ஆளுங்க நிக்கறாங்கன்னாரு. "ஒலை வெச்சீங்களா?"ன்னு கேட்டுச்சு அக்கா. வெக்கலைன்னாரு. "அரிசியைக் களைஞ்சு வெச்சுட்டு ஒலையை வெய்யிங்க, இல்லைன்னா பொங்கும்"ன்னுச்சு.

மெஸ்ஸை மூடவும் முடியல. அண்ணன் சுட்ட மொத இட்லியைப் பாத்துட்டு வெல்டரு, இதைக் கழட்டறதுக்கும் கேஸ் வேணும் போல இருக்குதுங்கன்னான். இருந்தாலும் தின்னோம். ஆளுக்கொரு சட்டியைக் கழுவினோம், புடிப்பு இல்லாத கையில தேச்சு, புடிப்பு இருக்கற கையில புடிச்சுக்கிட்டு. அக்காவுக்கு நேரத்துக்குக் காப்பி, சோறு. மத்ததையெல்லாம் பாயோட சம்சாரமும் செங்கோடன் பொண்டாட்டியும் பாத்துக்கிட்டாங்க, அவங்க ரெண்டு பேரும் அக்காவோட எதையோ பேசிச் சிரிப்பாங்க, நாங்க கிட்டப் போனா நிறுத்திக்குவாங்க.

எங்க புத்தியும் சும்மா இல்ல. ஏற்கனவே உக்காந்துதான இருக்குதுன்னு, அவனவன் புடிப்பை அக்கா தலையில கட்டிரலாம்னு வரிசையா வந்தான். அக்கா, இந்த முழங்கை மட்டும், அக்கா, இந்த ஒரு தோளு மட்டும். அக்கா ஒவ்வொருத்தனையும் அன்பாத்தான் பாத்துச்சு. "தரையில வெய்யி சாமி, அப்புறமா எடுத்துக்கறேன்"ன்னுச்சு.

ஆனி போச்சு, ஆடி போச்சு. அக்காவோட கால்கிட்டத் துரு உதிர்ந்து கோலம் போட்ட மாதிரி கெடந்துச்சு, மழை பேஞ்சா ஓடும், மறுபடி உதிரும். தலைக்கு மேல தார்ப்பாய் கட்டினோம். எறும்பு ஏறாம சீட்டைச் சுத்தி மஞ்சப்பொடி போட்டோம். கொஞ்ச நாள்ல சங்ககிரிப் பக்கமிருந்து பொம்பளைங்க வர ஆரம்பிச்சாங்க. அக்காவைப் பாக்க வர்ற மாதிரி வந்து, போறப்ப செங்கோடன்கிட்டத் தனியா ஒதுங்கி நின்னு, "ஏனுங்க தம்பி, எஞ்சின் புடிச்ச வண்டி வேற ஏதாச்சும் இருக்குங்களா? சின்ன வண்டின்னாலும் பரவால்லீங்க"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. செங்கோடன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேலையைப் பாத்தான். வீட்டுக்குப் போனதும் அவன் பொண்டாட்டி மொகத்தை ரொம்ப நேரம் பாத்திருக்கான், என்னத்தைப் பாக்கறீங்கன்னு கேட்டிருக்கா.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாங்காலம் அத்தியப்பண்ணன் காப்பி டம்ளரோட வேப்பமரத்துக்கு வந்தாரு. ஆளு எளைச்சிருந்தாரு. லுங்கியில கரி, கையில சுட்ட தழும்பு, காலு வீங்கிச் செருப்புல அடங்கல. எங்களுக்குச் சோறு போட்டு, சட்டி கழுவி, மாவாட்டி வெச்சுட்டு, அடுத்த ஒலைக்கு முன்னால கெடைச்ச நேரத்துல வந்திருந்தாரு. காப்பியை ஆத்தி, அக்கா வாயில மெல்ல ஊத்தினாரு, கடைவாயில வழிஞ்சதைத் துண்டுல தொடைச்சாரு. டம்ளரைக் கீழ வெச்சாரு. அப்புறம் அக்கா முன்னால குத்தவெச்சு, ரெண்டு கையையும் சேத்து நீட்டினாரு, கோயில்ல தீர்த்தம் வாங்கற மாதிரி.

நாங்க வேலையை விட்டுட்டுப் பாத்தோம். வீட்டுக்குக் கூப்புடறாரு, அழுவாரு போலன்னு நெனச்சோம்.

"பாவாயி"ன்னாரு அவரு. "நீ வந்து சோறாக்க வேண்டாம். நானே ஆக்கிக்கறேன். ஒரே ஒரு பொழுதைக்கு மட்டும் அதை எங்கிட்டக் குடு. நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

அக்கா அவரைப் பாத்துச்சு. வீங்கின காலைப் பாத்துச்சு, கையில இருந்த தழும்பைப் பாத்துச்சு. இத்தனை வருசத்துல அவரை இப்பத்தான் மொதல் தடவையாப் பாக்கற மாதிரி நிதானமாப் பாத்துச்சு. மடியில ஸ்பேனர் அசையல.

"இப்பத்தானுங்க உக்காந்தேன்"ன்னுச்சு.

அத்தியப்பண்ணன் நீட்டின கையோட கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாரு. அப்புறம் அந்தக் கையாலயே டம்ளரை எடுத்துக்கிட்டு, முட்டியைப் புடிச்சு எந்திரிச்சு, கழுவறதுக்குப் போனாரு.